இசைக்கலைஞரின் நினைவுப் படம்: பிசகும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோ என்னுடையது. நாகசுரமும் தவிலும் வாசிக்கிற குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. காரியத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்று, ஓரம் செல்லரித்த ஒரு போட்டோவைத் துண்டில் சுற்றி எடுத்து வருவார்கள். வீணை டீச்சரின் எழுபதாவது பிறந்தநாளுக்காக மாணவிகள் சேர்ந்து வருவார்கள். டீச்சரின் இளவயதுப் படம், இப்போதைய படம், அவர் கையால் எழுதிய பாட்டு நோட்டு மூன்றையும் ஒரே படமாக்கித் தரச் சொல்வார்கள். வேலை எதுவானாலும் கோளாறு வருகிற இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் படத்தில் தெரிகிற கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை. ஸ்கேன் செய்த ஃபைலைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் சேமித்து, அதற்கு ஒரு பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கை வையுங்கள். அசலின் மேலேயே சேவ் அழுத்திவிட்டால் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். அதற்குள் அந்தப் போட்டோ யாராவது ஒரு பெரியம்மாவின் பெட்டிக்குள் திரும்பிப் போயிருக்கும்.

## பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது

ஃபைல் வந்த வழியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 12×18 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 3600×5400 பிக்சல் வேண்டும். அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். செல்போனில் எடுத்த படமென்றால் பெரும்பாலும் இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

போட்டோவைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால், அசலை நேரில் வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். 3.5×4.5 சென்டிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 1650×2125 பிக்சல் கிடைக்கும். 8×10 அங்குலத்துக்கு அது தாராளம். 12×18க்கு இழுத்தால் 120 டிபிஐ அளவுக்கு இறங்கிவிடும். ஹாலில் பத்தடி தள்ளி நின்று பார்க்கிற படமென்றால் அதுவும் பரவாயில்லை.

கச்சேரிக் குழுப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் எடுப்பதானால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8×10 படத்தில் ஒருவர் முகம் அரை அங்குலம்தான் இருக்கும். 600 டிபிஐயில் அது 300 பிக்சல். அதை முழுச் சட்டத்துக்குப் பெரிதாக்காதீர்கள். இடுப்பு வரை, வாத்தியத்தோடு வெட்டி, 8×10இல் அச்சிட்டு, சுற்றிலும் அகலமான மவுண்ட் போர்டு வைத்துச் சட்டம் போடுங்கள். சட்டம் பெரிதாக இருக்கும், முகமும் உடையாது. வீட்டுக்காரர்களுக்கு இது பிடிக்காமல் போனதாக எனக்கு நினைவில்லை.

அப்புறம், நெகட்டிவ் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஆல்பத்தின் பின் உறையில், பீரோவின் அடித்தட்டில் கிடைக்கும். ஃபிலிம் ஸ்கேன் வசதி இல்லாத ஸ்கேனரில் அதை வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நகரத்தில் ஃபிலிம் ஸ்கேன் செய்யும் லேபுக்குக் கொடுத்துவிடுங்கள். பிரிண்டைவிட எவ்வளவோ அதிகத் துலக்கம் அதில் இருக்கிறது.

## ஸ்கேனில் முகம் முழுக்கப் புள்ளி, வலை, கறை

போட்டோவைக் கையில் எடுத்து டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எந்த வகை என்று அதிலேயே தெரிந்துவிடும்.

### தேன்கூடு மாதிரி மேடு பள்ளம் தெரிகிறது

சில்க் தாள். ஒரு காலத்தில் கல்யாண ஆல்பங்களில் எங்கும் இந்தத் தாள்தான். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிப்பதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு குட்டி நிழல் விழுகிறது. ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். போட்டோவைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொருமுறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, முதல் படத்தின் மேல் தனி லேயராக, அதாவது தனி அடுக்காகப் பொருத்தி, மேல் லேயரின் ஒப்பாசிட்டியை (அடியில் இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்பதை) 50 சதவீதம் ஆக்குங்கள். எதிரெதிர் நிழல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். புள்ளியைப் போக்குகிறேன் என்று பிளர் கொடுத்தால் இமை முடியும் சேர்ந்து போகும்.

### பூதக்கண்ணாடியில் வட்டப் புள்ளிகள் வரிசையாகத் தெரிகின்றன

போட்டோ இல்லை, அச்சு. கச்சேரி நோட்டீஸிலோ பத்திரிகையிலோ கத்தரித்தது. ஸ்கேனர் மென்பொருளில் டிஸ்கிரீன் என்ற ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டு எடுங்கள். இல்லையென்றால் 1200இல் ஸ்கேன் செய்து பாதியாகச் சுருக்குங்கள். அந்தப் படத்தின் அசல் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று ஒருமுறை விசாரிப்பது இன்னும் நல்லது. நோட்டீஸ் அடிக்கப் படம் கொடுத்தவர் யாரோ ஒருவர் இருப்பார்.

### மஞ்சள் கறை

கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனல்களையும் தனித்தனியே பாருங்கள். மஞ்சள் கறை நீலத்தில் தடித்துத் தெரியும், சிவப்பில் பெரும்பாலும் மறைந்துவிடும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் இரண்டு மணி நேரத் துடைப்பு வேலை மிச்சம்.

### கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது

இங்கே நிறுத்துங்கள். பிரிக்க முயன்றால் முகத்தின் தோல் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்துக் கேமராவில் எடுங்கள். அசலைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்றால் அது பாதுகாப்பு வல்லுநரின் வேலை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் விசாரிக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி ஸ்கேன் செய்து சேர்த்திருக்கிறது. மூன்றாம் தலைமுறையாக வாசிக்கிற குடும்பத்தின் படமென்றால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

## பழைய கலர் படம் செக்கச்செவேலென்று இருக்கிறது

1970, 80களின் கலர் பிரிண்டுகளில் இது சகஜம். ஆட்டோ கலர் பட்டனை அழுத்தினால் சிவப்பு போகும், கூடவே சந்தனமும் பட்டு அங்கவஸ்திரத்தின் சரிகையும் சாம்பலாகிவிடும்.

போட்டோஷாப்பில் வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றுகிற கர்வ்ஸைத் திறந்து, வெள்ளைப் புள்ளிக்கான ஐட்ராப்பரை எடுத்து, நெற்றி விபூதியில் மிகவும் தடித்த இடத்தில் வையுங்கள். மெல்லிய இடத்தில் வைத்தால் அடியில் இருக்கிற தோல் நிறமும் கலந்துவிடும். விபூதி இல்லையென்றால் வேட்டி மடிப்பு. கறுப்புக்கு முடி. இந்த இரண்டு புள்ளியிலேயே முக்கால்வாசி நிறம் திரும்பிவிடும். மிச்சத்தைச் சேனல் வாரியாக லெவல்ஸில் நகர்த்துங்கள். சேலையின் நிறம் எது என்பதை மட்டும் நீங்களாக ஊகிக்காதீர்கள். அந்தச் சேலை பல வீடுகளில் இன்னும் பீரோவில் இருக்கிறது, எடுத்துக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள்.

## முகம் பளிச்சென்று இருக்கிறது, வீட்டில் "இது அவர் இல்லை" என்கிறார்கள்

அதிகம் வருகிற புகாரும் அதிகம் வலிக்கிற புகாரும் இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தவில் வித்வானின் படம் வந்தது. கோவில் உற்சவத்தில், மேல்சட்டை இல்லாமல், தவிலைத் தோளில் மாட்டி நின்று வாசிக்கும்போது எடுத்தது. கீறல்களை எல்லாம் துடைத்தேன். தோளில் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. பூஞ்சைக் கறை என்று நினைத்து அதையும் துடைத்துவிட்டேன். படம் வாங்க வந்த அவர் மனைவி முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் திரையில் அந்தத் தோளின் மேல் விரலை வைத்தார். "இங்க வார் தடம் இருக்கும் தம்பி. நாப்பது வருசத் தடம். அது எங்க போச்சு?" என்றார். தவிலின் வார் அழுத்தி அழுத்திக் கறுத்த தோல் அது. அசல் ஸ்கேனை அடி லேயராக வைத்து, மேல் லேயருக்கு மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் மறைக்கிற வசதி) போட்டு அந்த இடத்தை மட்டும் திறந்துவிட்டேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து, உடம்பில் இருக்கிற எந்தக் கறையையும் வீட்டாரிடம் கேட்காமல் துடைப்பதில்லை.

### தோல் மெழுகு மாதிரி இருக்கிறதா

ஸ்மூத் செய்த லேயரின் ஒப்பாசிட்டியைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். நாகசுரக்காரருக்குக் கன்னத்துச் சதை, வாய் ஓரக் கோடுகள். பாடகருக்குக் கழுத்து நரம்பு. வெற்றிலை போட்டவருக்கு உதட்டுக் காவி. இவை எல்லாம் ஊதி, பாடி, வாழ்ந்து வந்த அடையாளங்கள். பல்லை வெளுப்பாக்காதீர்கள்.

### படம் இடம் வலம் மாறியிருக்கிறதா

நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்தாலும், கண்ணாடியைப் பார்த்து எடுத்த படமானாலும் இப்படி ஆகும். சட்டைப் பை அவருடைய இடது மார்பில் இருக்க வேண்டும். சேலை முந்தானை இடது தோளில். மிருதங்கத் தோலின் நடுவில் வட்டமாக இருக்கிற கறுப்புக் கரணை அவருடைய வலது கைப் பக்கம், நாம் பார்க்கும்போது நமக்கு இடப் பக்கம். வீணையின் குடம் வலப் பக்கம், சுரைக்காய் இடது தொடைமேல். மாறியிருந்தால் ஒரு கிளிக்கில் திருப்பிவிடலாம்.

ஆனால் வாத்தியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைப் பழக்கம் உள்ளவர். அப்படி வாசித்தவர் படத்தைச் ‘சரி’ செய்துவிட்டால் அதைவிடப் பெரிய பிழை இல்லை. சட்டைப் பை, முந்தானை, பின்னால் தெரிகிற எழுத்து இவற்றில் ஏதாவது ஒன்றோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

### ஏஐ செயலி வைத்து முகத்தைத் துலக்கினீர்களா

அந்தச் செயலிகள் மங்கலான முகத்தைக் கண்டால் தான் பயின்ற ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து ஒரு முகத்தைக் கட்டித் தருகின்றன. கண் பளபளக்கும், யாருடைய கண் என்று தெரியாது. அசல் ஸ்கேனையும் செயலி கொடுத்ததையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேல் லேயரை அணைத்து அணைத்து ஏற்றிப் பாருங்கள். கண் இமையின் மடிப்பு, மூக்கு நுனி, மேலுதட்டு விளிம்பு இந்த மூன்றும் நகர்கிறதா? நகர்ந்தால் அந்த லேயர் 20 அல்லது 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் தலைமுடியிலும் துணியிலும் மட்டும். கண்ணுக்கும் வாய்க்கும் மாஸ்க் போட்டு அசலையே விட்டுவிடுங்கள். மங்கலாக இருந்தாலும் அது அவருடைய கண்.

### மூக்கு பெரிதாக, காது பின்னால் போயிருக்கிறதா

செல்போனை ஒன்றரை அடியில் வைத்து எடுத்தால் இப்படித்தான் வரும். முகத்தை இழுத்துச் சுருக்குகிற லிக்விஃபை கருவியில் மூக்கைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் சீக்கிரம் கை மீறிப் போகும். அதே நாளில் தள்ளி நின்று எடுத்த வேறு படம் இருக்கிறதா என்று கேட்பது மேல். விசேஷ வீடுகளில் எடுத்த வீடியோவிலிருந்து ஒரு ஃப்ரேம் எடுத்துக்கூட நான் செய்திருக்கிறேன்.

### எந்தக் கட்டத்தில் வேறொருவரிடம் கொடுப்பது

முகத்தில் பாதி இல்லை, இருக்கிற பாதியிலும் கண் இல்லை என்றால் எடிட்டிங்கை நிறுத்துங்கள். கையால் உருவப்படம் வரைகிற ஓவியரிடம் கொடுங்கள். வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் வரைவார். அது ஓவியம் என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

## முகம் சரி, கையும் வாத்தியமும் பிசகி நிற்கின்றன

முகத்துக்குக் கொடுக்கிற கவனத்தை யாரும் கைக்குக் கொடுப்பதில்லை. வாசிக்கிற குடும்பத்தில் படத்தை வாங்கியதும் கண் முதலில் போகிற இடம் விரல்தான்.

விரலை எண்ணுங்கள். ஏஐ வைத்து இடத்தை நிரப்புகிற ஜெனரேட்டிவ் ஃபில் தொட்ட எந்தக் கையையும் நம்ப வேண்டாம்.

அப்புறம் வாத்தியம். உடைந்த இடத்தை நிரப்பச் சொன்னால் மென்பொருள் நாகசுரத்தை ஷெனாய் ஆக்கிவிடும், இல்லையென்றால் கிளாரினெட் போலச் சாவி முளைக்கும். பார்க்க வேண்டியவை: விரல் வைக்கிற துளைகள் ஏழு, உலவு என்கிற மரக் குழலில் சாவி எதுவும் கிடையாது, அடியில் அகன்ற அணசு, மேலே வாய் வைத்து ஊதுகிற சீவாளி. நாகசுரத்தில் திமிரி என்ற வகை குட்டையானது, பாரி என்ற வகை நீளமானது. நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் பாரி நிலைபெறுவதற்கு முந்தைய படமென்றால் கையில் திமிரி இருக்கலாம். இணையத்தில் கிடைத்த நீளமான நாகசுரத்தைக் கொண்டுவந்து அந்தக் கையில் ஒட்டினால் காலமே மாறிவிடும்.

வீணையில் மெட்டுகள் 24. வாசிப்புத் தந்தி நான்கு, பக்கவாட்டில் தாளத் தந்தி மூன்று. தண்டியின் முனையில் இருக்கிற யாளி முகத்தின் வாய் உடைந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். தவிலில் வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி. விரல் கூட்டைக் காயக் கட்டு என்று நினைத்துத் தோல் நிறம் கொடுத்த ஒரு படத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சரிசெய்கிற நல்ல வழி இதுதான்: அந்த வாத்தியம் பெரும்பாலும் இன்னும் அதே வீட்டில் இருக்கும். உறையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய படத்தில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, ஜன்னல் வெளிச்சம் அதே பக்கத்திலிருந்து வருமாறு வாத்தியத்தை வையுங்கள். கேமரா உயரமும் பழைய படத்தில் இருந்த உயரம். பின்னால் கறுப்புத் துணி. எடுத்து, மங்கலான பகுதியின் மேல் மட்டும் அதைப் பொருத்துங்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த ஒரு நாகசுரத்தை இப்படி எடுத்தபோது, துளைகளைச் சுற்றி விரல் தேய்ந்து மரம் பளபளவென்று இருந்தது தெரிந்தது. பழைய போட்டோவில் அது தெரியவே இல்லை. இப்போது அந்தப் படத்தில் இருக்கிறது.

### மைக் வாயை மறைக்கிறது

கச்சேரிப் படங்களின் பொதுவான துயரம். மைக்கை அழித்தால் அதற்குப் பின்னால் இருந்த வாயை நீங்கள்தான் கற்பனை செய்ய வேண்டும். மைக் கம்பியையும் ஒயரையும் துடைத்துவிட்டு, மைக் தலையை அப்படியே விடுங்கள். பாடியவர் படத்தில் மைக் இருப்பது குறையே இல்லை. மோவாய் மட்டும் மறைந்திருந்தால், அதே வயதில் அதே கோணத்தில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டலாம்.

## இரண்டு படங்களைச் சேர்த்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரிகிறது

குரு பின்னால் மங்கலாக, சிஷ்யர் முன்னால். இளவயது டீச்சர் ஒரு பக்கம், இன்றைய டீச்சர் மறு பக்கம். இப்படிக் கேட்கிற படங்களில் வருவது.

1. நிழல். இரண்டு முகத்திலும் மூக்கின் நிழல் ஒரே பக்கம் விழ வேண்டும். எதிரெதிராக இருந்தால் வேறு படம் தேடுங்கள். திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், மேலே சொன்ன சட்டைப் பையும் வாத்தியமும் ஞாபகம் இருக்கட்டும்.
2. கறுப்பு. பழைய படத்தின் கறுப்பு வெளிறிச் சாம்பலாக இருக்கும், செல்போன் படத்தின் கறுப்பு அடர்த்தியாக இருக்கும். லெவல்ஸின் கீழ்ப் பட்டையில் புதுப் படத்தின் கறுப்பைக் கொஞ்சம் தூக்குங்கள். ஒட்டு தெரிவதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம்.
3. துகள். பழையதில் ஃபிலிம் கிரெய்ன் இருக்கும், புதியதில் இருக்காது. புதியதில் கொஞ்சம் நாய்ஸ் சேருங்கள். பழையதைத் துடைத்து வழுவழுப்பாக்கிப் பொருத்த வேண்டாம்.
4. விளிம்பு. தலையில் வைத்த மல்லிகைச் சரமும் நரை முடியும்தான் காட்டிக்கொடுக்கும் இடங்கள். கத்தரித்த கோடாக விடாமல், முடிப் பகுதிக்கு மட்டும் தனி மாஸ்க் போட்டு மெல்லிய பிரஷ்ஷில் இழையுங்கள். லேயரின் பிளெண்ட் தேர்வில், பழைய முகம் வெளிர் பின்னணியில் இருந்தால் மல்டிப்ளை (வெளிர் பகுதி மறையும்), கறுப்புப் பின்னணியில் இருந்தால் ஸ்கிரீன் (கறுப்பு மறையும்). பாதி வேலை தானாக நடக்கும்.

பின்னால் மங்கலாக வைக்கிற முகத்தை வானத்தில் மிதக்க விடாதீர்கள். அவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த திண்ணை, ஊஞ்சல், ஜன்னல் ஏதாவது ஒன்றின் மேல் வையுங்கள். அந்த இடத்தைப் போய் ஒரு படம் எடுத்துவருவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

## இசை தெரிய வேண்டும் என்று போட்டது வெறும் அலங்காரமாக நிற்கிறது

படத்தைச் சுற்றி மேற்கத்திய இசைக் குறிகள் பறக்கிற ரெடிமேட் டிசைனை எடுத்துவிடுங்கள். கிடார், பியானோ வாசித்தவருக்கு அது சரி. தோடி வாசித்தவரின் படத்தில் அதற்கு இடமில்லை.

வீட்டில் பாட்டு நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ, ரி, க, ம என்று கையால் எழுதிய ஒரு பக்கம் போதும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, மல்டிப்ளையில் பின்னணியாக, 25 சதவீதத்துக்குள் வையுங்கள். முகத்தின் மேலோ விரல் மேலோ எழுத்து ஓடக் கூடாது.

இங்கே ஒரு நுணுக்கமான பிழை நடக்கும். நோட்டுத் தாள் பழையது, புள்ளி புள்ளியாகக் கறை இருக்கும். டஸ்ட் அண்ட் ஸ்க்ராட்சஸ் ஃபில்டரைப் போட்டால் கறை போய்ப் பக்கம் சுத்தமாகிவிடும். கூடவே ஸ்வரத்துக்கு மேலேயும் கீழேயும் வைத்த புள்ளிகளும் போய்விடும். மேல் புள்ளி தாரஸ்தாயி, கீழ்ப் புள்ளி மந்திரஸ்தாயி. எழுதியவரின் சங்கதியே மாறிவிடும். சங்கீதம் தெரிந்த ஒருவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் எழுத்து வரிகளில் ஃபில்டர் வேண்டாம். வரிகளுக்கு இடையில் இருக்கிற கறையை மட்டும் கையால் துடையுங்கள். எது கறை, எது புள்ளி என்று சந்தேகம் வந்தால், அந்தப் பாட்டைப் பாடத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா பாடிக்கொண்டே "இது புள்ளி, இது கறை" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

### தட்டச்சு செய்த தமிழ் சிதறுகிறது

‘கொ’ எழுதினால் ஒற்றைக்கொம்பு தனியாக, துணைக்கால் தனியாகப் பிரிந்து நிற்கிறதா? போட்டோஷாப்பில் பிரிஃபரன்ஸஸ், டைப் பகுதியில் வேர்ல்டு ரெடி லேஅவுட் என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பில் அது மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்ற பெயரில் இருக்கும். ஏற்கெனவே எழுதிய லேயருக்குப் பாராகிராஃப் பேனலின் மெனுவிலும் மாற்ற வேண்டும். எழுத்து முழுக்க ஆங்கிலக் குப்பையாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். பெயரும் தேதியும் வீட்டில் ஒருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பிரிண்டுக்கு அனுப்ப வேண்டும். ‘ர’, ‘ற’ பிழையோடு கல்வெட்டு மாதிரி ஒரு பெயர் சுவரில் நிற்கக் கூடாது.

## திரையில் நன்றாக இருந்தது, பிரிண்டில் இருட்டு

திரையின் வெளிச்சம் முழுசாக ஏற்றி வைத்திருப்பீர்கள். பாதிக்குக் குறைத்து, நைட் லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஃபைலின் நிற வகை எஸ்ஆர்ஜிபியில் (sRGB) இருக்கிறதா என்று பாருங்கள். அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் பல லேபுகளில் தோல் நிறம் செத்து வரும். கறுப்புப் பின்னணியில் படிக்கட்டு மாதிரி வரிகள் விழுந்தால் 16 பிட்டில் வேலை செய்து, கடைசியில் கொஞ்சம் நாய்ஸ் சேருங்கள். பெரிய பிரிண்டுக்கு முன் ஒரு 4×6 போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு லேபில் போட்ட 4×6உம் ஒரே மாதிரி தப்பாக வந்தால் உங்கள் திரைதான் காரணம். அளவிடும் கருவி வைத்துத் திரையைக் காலிபரேட் செய்பவரைக் கூப்பிடுங்கள்.

## மாட்டி இரண்டு வருடத்தில் ஓரம் கறுத்து, முகம் மங்கிவிட்டது

எதிரே ஜன்னல் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். வெயில் நேராகப் படுகிற சுவரில் எந்தத் தாளும் நிற்காது.

ஓரக் கறை என்றால் ஈரம். சந்தனம் குங்குமம் வைக்கும்போது கண்ணாடி விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. மாலையின் ஈரமும் அப்படித்தான். சட்டத்தைக் கழற்றி, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் போர்டு வைத்து இடைவெளி விட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். பின்பக்க அட்டையின் விளிம்பை டேப் போட்டு அடைக்கச் சொல்லுங்கள். பொட்டைக் கண்ணாடியின் நடுவில், கெட்டியான சந்தனத்தில் வைக்கச் சொன்னால் வீட்டில் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பிரிண்ட் ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிவிட்டதென்றால் பிரிக்க வேண்டாம், புதிதாக ஒன்று போட்டுக் கொடுங்கள்.

அதற்குத்தான் ஃபைல். ஒவ்வொரு படத்துக்கும் லேயர்களை ஒன்றாக்காமல் அப்படியே வைத்த ஃபைலையும் அசல் ஸ்கேனையும் ஒரு பென்டிரைவில் போட்டு, சிறிய கவரில் வைத்துச் சட்டத்தின் பின்பக்க அட்டையில் ஒட்டிக் கொடுக்கிறேன். கவரின் மேல் பென்சிலில் அவர் பெயர், வாத்தியம், அசல் படம் எடுத்த ஊர், தெரிந்தால் வருடம்.